பெரியப்பாவின் அமெரிக்கப் பூட்டி

புலம்பெயர்ந்து வந்த நகரின் பணக்காரப் பகுதியான எப்சத்தில் வீடு வாங்கிய பிறகுதான் என் பெரியப்பாவின் உடம்பில் அமெரிக்க இரத்தம் ஓடத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றைப் போல எங்களுக்கும் ஆங்கிலக் குடும்பப் பெயர். வேறு யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. பெரியப்பா மட்டும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனோடு வந்த அமெரிக்கப் பெண்மணியே தன் பூட்டி, பாட்டனைப் பெற்றவள், என்று வருபவர்களிடமெல்லாம் சொல்வார். சாட்சிக்கு மூக்கைத் திருப்பிக் காட்டுவார். எங்கள் எல்லோருக்கும் இருக்கும் அதே மூக்குத்தான். இணையத்தில் வாங்கிய, சிங்கம் பொறித்த குலச்சின்னம் ஒன்றும் வரவேற்பறையில் தொங்கியது.

நான் நூலகத்தில் வேலை செய்வதால் என்னைப் பிடித்தார்.

"பிள்ளை, அந்த மனுசியின்ர பூர்வீகத்தை ஒருக்காத் தேடி எடு. பிரபுக்கள் பரம்பரையாத்தான் இருக்கும்."

மிஷன் அறிக்கைகளையும் அமெரிக்காவிலுள்ள அவள் ஊரின் தேவாலயப் பதிவுகளையும் மாதக்கணக்கில் துழாவினேன். அவள் ஒரு சப்பாத்துத் தைப்பவரின் மனைவி. பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேரைப் புதைத்தவள். கடலைத் தாண்டியதே இல்லை. யாழ்ப்பாண மிஷன் விடுதியில் ஒரு பையன் படிக்கப் பணம் அனுப்பி உதவியிருக்கிறாள். உதவியவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது அங்கே வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். மலேசியத் தமிழ் டாக்டர் ஒருவரும் மனைவியும் விருந்தாளிகள். அவர்கள் முன்னாலேயே பெரியப்பா கேட்டார்.

"என்ன, கண்டுபிடிச்சியா?"

"ஓம் பெரியப்பா. அவ யாழ்ப்பாணத்துக்கு வரவே இல்லை. உங்கட பூட்டன் படிக்கிறதுக்கு உதவினவ, அவ்வளவுதான்."

"அப்ப இரத்தம்?"

"முழுக்க எங்கட ஊர் மானிப்பாய் இரத்தம்தான். அந்தப் பெயரும் அவவின்ரை இல்லை, புருசன்ரை. அவையின்ர ஆக்கள் ஒரு காலத்தில இங்கிலாந்தில பண்டி மேய்ச்சவையாம். பெயருக்கும் அதுதான் அர்த்தம்."

பன்றி என்றதும் பெரியம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. டாக்டர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. பெரியப்பா மட்டும் சளைக்கவில்லை.

"பண்டி வளர்க்கிறதும் பெரிய பிஸினஸ்தான்."

எனக்கு எரிச்சல் மண்டியது. "அந்தப் பொடியனுக்கு முதல்ல தாய் தகப்பன் வைச்ச பெயர் என்னெண்டு நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லையே?"

"அதை ஆர் கேக்கிறது?" என்று சொதிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவருக்குத் தேவைப்படாத அந்தப் பெயரையும் நான் தேடினேன். கிடைக்கவில்லை. எழுதிவைத்தவர்களுக்கும் அது தேவைப்படவில்லை போலும். சப்பாத்துத் தைப்பவரின் மனைவிமேல் எனக்குக் கோபம் இல்லை. தன் பெயரை வைத்து எப்சத்தில் ஒருவர் மூக்கைத் திருப்பிக்கொண்டிருப்பார் என்று அவள் கனவிலும் கண்டிருக்க மாட்டாள்.

ஈஸ்டருக்குப் போனபோது புதிதாக வந்த ஒரு குடும்பத்திடம் பெரியப்பா கதைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கட பூட்டனை ஒரு அமெரிக்கச் சீமாட்டி சுவீகாரம் எடுத்தவ. எங்கட பெறாமகள்தான் கண்டுபிடிச்சவள்!"

எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். ஏவன்டேலில் இருக்கும் என் வீட்டுக்கு ரயில் பிடிக்க வேண்டும் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.