நெல்லுக்கு எதற்குத் தலைமாடு?

ஒரு பழைய மண்டபத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு கல்மேடை. ஆள் நீளம் இருக்கும். ஒரு முனை மட்டும் கொஞ்சம் உயர்ந்திருக்கும். எதிரே மேற்குச் சுவரின் உச்சியில் உள்ள துவாரங்கள் வழியாகச் சாயங்கால வெயில் வந்து அந்த முனையில் விழும். செஞ்சியைப் பற்றி யார் பேசினாலும் எனக்குக் கோட்டை ஞாபகம் வருவதில்லை, அந்த மேடைதான் வருகிறது. அது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அறுபதுகளில் செஞ்சி ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். எங்கள் டாக்டரம்மா தொண்டூர்ச் சமணக் குடும்பத்துப் பெண். ஒரு மழைக்காலத்தில் ஊரையே காய்ச்சல் பிடித்துக்கொண்டது. கட்டிலுக்கடியிலும் நோயாளிகள் கிடந்தார்கள். டாக்டரம்மா யாரையும் கேட்கவில்லை. மலையடிவாரத்தில், இடிந்த சமணக் கோயிலை ஒட்டிக் கூரை விழாமல் நின்ற அந்த மண்டபத்தைக் கழுவச் சொல்லிப் பாய் விரித்துவிட்டார்.

அதன்பிறகுதான் அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. தடித்த கருங்கல் சுவர், செங்கல்லும் சுண்ணாம்புமாக வளைத்த கூரை, தரையோரம் ஓடும் கல்வாய்க்கால், கோயில் பக்கம் திறக்கும் சின்ன வாசல், எல்லாமே அவருக்குச் சாட்சி. "இது கோயிலோட சேந்த ஆஸ்பத்திரிதான். எங்காளுங்க சோறு, மருந்து, அடைக்கலம், படிப்பு நாலையும் தானம்னு வச்சிருக்காங்க இல்ல?" என்பார். அது களஞ்சியம், காற்று வரத்தான் துவாரம் என்று கம்பவுண்டர் சொன்னால், "நெல்லுக்கு எதுக்குய்யா தலைமாடு?" என்று மடக்குவார். தொண்டூர்ப் பாறையில் முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளைப் பார்த்து வளர்ந்தவர். கல் கொஞ்சம் மேடாக இருந்தாலே அவர் கண்ணுக்குப் படுக்கையாகத் தெரிந்ததோ என்னவோ. காலையில் அவரை நம்புவேன், மத்தியானம் கம்பவுண்டரை நம்புவேன்.

துவாரத்துக்கும் அவரிடம் காரணம் இருந்தது. சமணர்கள் பொழுது சாய்ந்தால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். ராத்திரி மாத்திரையைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஜுரத்தோடு கிடப்பார்கள். "வெளிச்சம் செவுத்துல ஏர்றதுக்குள்ள குடுத்துடு. அதுக்குத்தான் அப்பிடிக் கட்டிவச்சிருக்கான்" என்பார். எனக்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாது. ஆனாலும் எல்லோருக்கும் அந்நேரமே கொடுத்துவிடுவேன்.

இந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவி, பழங்கட்டடங்களைப் பார்வையிடும் அதிகாரி ஒருவர் வந்து நின்றார். அன்று அந்த மேடையில் சிங்கவரத்துப் பெண் ஒருத்தி, நிறைமாதம், உடம்பு கொதிக்கப் படுத்திருந்தாள். அசைத்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. அதிகாரி நல்ல மனிதர்தான். பழங்கால மருத்துவசாலை என்றால் அரிய சொத்து, இன்றே எல்லோரையும் வெளியேற்றி வேலி போடவேண்டும், வெறும் களஞ்சியம் என்றால் அவசரமில்லை என்றார். "நீங்கதான் ஆஸ்பத்திரின்னு சொன்னீங்களாமே டாக்டர்?"

டாக்டரம்மா அந்தப் பெண்ணை ஒருதரம் பார்த்தார். "நெல்லு கொட்ன எடம் சார் இது. எங்காளுங்க கட்னதாச்சேன்னு பெருமைக்குச் சொல்லிட்டிருந்தேன்" என்றார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணுக்கு ஜுரம் இறங்கி, அதே மேடையில் பெண்குழந்தை பிறந்தது. அதன்பிறகு டாக்டரம்மா தலைமாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாற்றலாகிப் போனபோது பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். "நெஜமா இன்னா டாக்டரம்மா அது?" "நீயும் அங்கதான இருந்த?" என்றார். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அவர் பொய் சொன்னது அதிகாரியிடமா, எங்களிடமா? கேட்க இப்போது அவர் இல்லை.

போன மாதம் அங்கே போயிருந்தேன். வேலி போட்டிருக்கிறார்கள். பலகையில் 'தானியக் களஞ்சியம்' என்று எழுதியிருக்கிறது. டாக்டரம்மா அன்று அதிகாரியிடம் சொன்னதுதான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. கம்பிக் கதவு வழியே எட்டிப் பார்த்தேன். "நெல்லு வச்ச எடம்மா, உள்ள ஒண்ணுமில்ல" என்றார் காவலாளி. வெயில் அந்த உயர்ந்த முனையில் விழுந்து கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லச் சுவரில் ஏறத் தொடங்கியது. நான் அவசர அவசரமாகப் பையைத் திறந்து, ராத்திரிக்கு வைத்திருந்த பிரஷர் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.