திரும்பி வந்த நாலு பெட்டி

வாயைக் கட்டினால்தான் ஊருக்குப் போவான். எடை பார்க்காமல் யாரும் அவனை ஏற்ற மாட்டார்கள். யார் அவன்? யோசித்துச் சொல்லுங்கள்.

பார்சல்தான். மயிலாப்பூரில் பார்சல் புக்கிங் கடை வைத்து எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கடல் தாண்டிப் பெட்டி அனுப்பிவிட்டு, அது எங்கே நிற்கிறதென்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

கழுத்துப் பட்டி

சாயிரா ராயப்பேட்டையில் வீட்டு முன்னறையில் மூன்று பெண்களை வைத்துக்கொண்டு சிறுமிகளுக்கு கவுன் தைப்பவர். கணவர் இல்லை. மகள் மெஹர் ஏழாம் வகுப்பு. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் துபாயில் ஒரு கடைக்கு நாலு பெட்டி கவுன் போகும். அந்த நாலு பெட்டியில்தான் அந்த வீட்டின் பாதி வருடம் ஓடும்.

இந்த முறை நான் ஒரு யோசனை சொன்னேன். துபாய்க் கடையின் பெயர்ப் பட்டியை இங்கேயே ஒவ்வொரு கவுன் கழுத்திலும் தைத்து அனுப்பினால் அங்கே அவர்களுக்கு வேலை மிச்சம், அடுத்த வருட ஆர்டரும் நமக்கே வரும் என்றேன். “அவங்க எடுக்கலன்னா?” என்று கேட்டார் சாயிரா. எடுக்காமல் எங்கே போவார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“நீங்க சொன்னா சரிதாண்ணே.”

மீனம்பாக்கம் வரை

பெட்டிகள் விமான நிலையக் கிடங்குக்குப் போன மறுநாள் வளைகுடாப் பக்கம் சண்டை மூண்டது. விமானங்கள் நின்றன. சாயிரா தினமும் பத்து மணிக்குக் கடைக்கு வருவார். நான் திரையைக் காட்டுவேன். அதில் ‘புறப்படத் தயார்’ என்றே இருக்கும்.

எட்டாம் நாள் துபாயிலிருந்து அழைப்பு வந்தது. கடைவீதியில் ஆளே இல்லை, சரக்கு வேண்டாம் என்றார்கள். பெட்டிகளை வண்டியில் திருப்பிக் கொண்டுவந்த எங்கள் கடை ஆள் மணி, சாயிரா உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவில்லை.

“இன்னா சார், நாலும் ஏர்போர்ட்ட மட்டும் சுத்திப் பாத்துட்டு வந்துகீது.”

தி. நகரில்

பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தி. நகரில் எனக்குத் தெரிந்த ஒரு துணிக்கடைக்கு நானே சாயிராவை அழைத்துப் போனேன். முதலாளி கவுனை விரித்துப் பார்த்தார், தையலைத் தடவிப் பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பினார்.

“வேலை சுத்தமா இருக்கும்மா. ஆனா இன்னொருத்தர் கடைப் பேர நான் எப்படி மாட்டுவேன்?”

ஊசித் துளை

பட்டிகளைப் பிரித்தோம். சாயிரா, மூன்று பெண்கள், பள்ளி விட்டு வந்த மெஹர், பிளேடுடன் நான். சாட்டின் துணி. நூலை எடுத்த இடமெல்லாம் துளை தெரிந்தது. இஸ்திரி போட்டோம், நீராவி காட்டினோம். மூடவில்லை. கடைசியில் எல்லாம் நடைபாதைக் கடைக்குத்தான் போயிற்று, துணி விலைக்கும் கீழே.

என் தப்பு என்று சாயிராவிடம் சொன்னேன். அவர் கத்தரித்த நூல்களைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“பட்டி வைக்கச் சொன்னது நீங்கதாண்ணே. சண்டை போடச் சொன்னதும் நீங்களா?”

கடைசி புக்கிங்

மூன்று பெண்களில் இருவர் அடையாறில் வீட்டுவேலைக்குப் போய்விட்டார்கள். மூன்றாமவர் ஊருக்கே போய்விட்டார். சாயிராவுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்தது. தையல் மெஷினை அங்கே அனுப்ப மெஹரோடு கடைக்கு வந்தார். அங்கே கம்பெனி விடுதியில் ஓர் அறைதான், பள்ளிக்கூடம் தூரம். சிந்தாதிரிப்பேட்டையில் சாயிராவின் தங்கை வீடு இருக்கிறது, அங்கிருந்தால் மெஹர் இதே பள்ளியில் படிக்கலாம். நான் விலாசம் எழுதிக்கொண்டிருக்கும்போது சாயிரா மகளிடம் கேட்டார்.

“எங்கூட வரியா, சின்னம்மா வீட்ல இருக்கியா? நீயே சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

திரும்பி வரும் பெட்டிக்கு அனுப்பியவரே பொறுப்பு, நாங்கள் அல்ல என்று எங்கள் ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். போர் நடத்துகிறவர்களும் அதே ரசீதுப் புத்தகத்தைத்தான் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

மெஹர் சின்னம்மா வீட்டைச் சொன்னாள்.