பாண்டிய ராஜாவுக்கு ஒரு மனு

பாண்டிய ராஜ்யம் அழிந்துபோனதாகப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னபோது எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. பாவம், மதுரைப் பக்கமே போனதில்லை போலிருக்கிறது. என் தாய்மாமா காரைக்குடி–மதுரை பஸ்ஸில் கண்டக்டர். தினமும் போய்வருகிற அவருக்குத் தெரியாததா இவருக்குத் தெரிந்துவிடும்?

மாமா சொன்னபடி பாண்டிய ராஜா மதுரையில் சௌக்கியமாகவே இருந்தார். யானைகளை விற்றுவிட்டு அம்பாசடர் கார் வாங்கியிருந்தார். சோழனோடு சண்டையென்றால் டிரங்க் காலில் திட்டிக்கொள்வதோடு சரி. தளபதிகளெல்லாம் பஸ் டிரைவர்களாகிவிட்டார்கள். அதனால்தான் மேலூர் தாண்டியதும் அந்த வேகம். அத்தனையையும் நம்பினேன்.

அந்தக் கோடையில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸான என் அக்கா காலேஜுக்குப் போகவேண்டும் என்றாள். வீட்டில் கல்யாணம் என்றார்கள். அக்கா தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். அப்பாவை மிஞ்சிய அதிகாரம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. நோட்டில் தாள் கிழித்து மகாராஜாவுக்கு மனு எழுதினேன். அக்காவைப் படிக்கவைக்க வேண்டும், அந்த மாப்பிள்ளையை உடனே நாடு கடத்த வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்த மாமாவிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"ஏத்தா, அக்கா சொல்லியா எழுதுன?"

"இல்ல மாமா, நானாத்தான். அக்கா அழுதுக்கிட்டே இருக்கு."

"மாப்பிள்ளை யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. எவனோ."

மாமா மனுவை மடித்துத் தோல்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து வந்தவர் அடுப்படியில் அம்மாவிடம் வெகுநேரம் பேசினார். தன் தம்பி பேசப்பேச அம்மா அழுதாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ராஜாவின் உத்தரவென்றால் வீடே இப்படித்தான் கலங்கும் என்று எனக்கு ஒரே பெருமை.

"ராஜா ஒத்துக்கிட்டாகத்தா. அக்கா காலேஜுக்குப் போகலாம்" என்றார் மாமா.

"மாப்பிள்ளை?"

"நாடு கடத்தியாச்சு."

"அழுதானா?"

"ராஜா முன்னால அழ முடியுமா?" என்று சிரித்தார்.

எங்கள் வீட்டில் அக்காள் மகள் என்றால் தாய்மாமனுக்குத்தான் முதல் உரிமை என்பதும், பேசி முடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது என்பதும் விவரம் தெரிந்த பிறகு நான் அறிந்தவை. அன்று மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்த மாப்பிள்ளை இனி நம் வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று சொன்னேன். சரி என்றார்.