ஏரிக்கு அடியில் எரிமலை

ஏற்காட்டில் நான் வாடகைக்குக் கார் ஓட்டுகிறேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வண்டி மட்டும் போதாது, கதையும் வேண்டும். அதனால் நானே ஒன்று கட்டிவிட்டேன். "இந்த மலை ஒரு காலத்துல எரிமலைங்க. அதோட வாய்தானுங்க இந்த ஏரி." படகில் ஏறப் போனவர்கள் ஒரு தடவை தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும். பத்து வருடம் அந்தக் கதை பிசகாமல் ஓடியது.

ஒரு நாள் என் மகள் பள்ளியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஏழாம் வகுப்பு. மலைகள் பற்றிய பாடத்தில் எழுந்து நின்று என் எரிமலையைச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் இல்லை என்றதும், "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாங்க" என்று வாதாடியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது.

"ஏனுங்கப்பா, தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லக் கூடாதுங்களா?"

அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும், மழை வரும் என்று சொன்னால்கூட, அவள் அம்மாவிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். காரில் பின் சீட்டுக்கு மாறிவிட்டாள். ஊரார் சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். இது வலித்தது.

அந்த வாரமே, மலைப்பாதை வளைவு ஒன்றில் வண்டியை நிறுத்தச் சொன்னார் சவாரி வந்த ஒரு அம்மா. கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுப்பவராம். பாதைக்காக வெட்டிய கரும்பாறையின் ஒரு பக்கம் மட்டும் தேய்த்து வைத்தது போல வழவழப்பாக இருந்தது. அதில் ஒரே திசையில் கோடு கோடாகக் கீறல்கள். தினமும் நான் கடந்து போகிற இடம்தான்.

"பாறை மேல பாறை உரசின தடம் இது. பூமியோட தட்டுகள் நெருக்கினதுல பாறை உடைஞ்சு நகர்ந்திருக்கு. இதைவிடப் பெரிய பிளவுகள் ஓரமாத்தான் இந்த மலையே கொஞ்சம் கொஞ்சமா மேல வந்திருக்கு. இந்தக் கல்லு பல மைல் ஆழத்துல உண்டானது."

"அப்ப எரிமலைங்க?"

"அதெல்லாம் இல்லைங்க" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகளை அங்கே கூட்டிப் போய்க் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இதை யாரு சொன்னாங்க?"

நானே கண்டுபிடித்தேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

"வண்டில வந்த ஒரு அம்மா சொன்னாங்க கண்ணு. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அவள் கையை அவிழ்த்து அந்தக் கீறல்களை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள்.

"மேல வர்றதுக்கு எத்தனை வருசமாச்சுங்கப்பா?"

"தெரியல சாமி."

சட்டென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். மலை எப்படி வந்திருந்தால் என்ன, அன்று என் மனசு நிறைந்திருந்தது.

திரும்பும்போது முன் சீட்டில் ஏறினாள். சேலம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழை வருங்களாப்பா?"

"வரும் கண்ணு" என்றேன்.

அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.