முதலில் வாசித்து முடித்தவர்

செய்தி வந்தபோது நான் கிண்ணியாவில் என் வீட்டுக் குசினிக்குள் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். என் நண்பர் குலத்தின் மனைவி ரஞ்சினிதான் அழைத்தார்; குலத்தைப் போலவே அவரும் என்னை 'நானா' என்பார், எங்கள் முஸ்லிம் வழக்கில் அண்ணன். "நானா, அவர் போயிட்டார். காலமை தேத்தண்ணியோட போய் எழுப்பினன், எழும்பேல்லை," என்றார். நான் "ஓம்" என்றேன். சாவுச் செய்தி கேட்டதும் எங்கள் வழக்கப்படி வாயில் தானாக வரவேண்டிய துஆகூட வரவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, மிச்ச மீனையும் கழுவி உப்பும் மஞ்சளும் பூசி வைத்த பிறகுதான் சட்டையை மாற்றினேன். கிண்ணியாப் பாலத்தை பஸ் கடந்தபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. இதை எழுதும்போதும் அப்படியேதான் இருக்கிறது.

அவருடைய ஊரான சல்லியில் அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் 'கரண்ட் எஞ்சினியர்'. மீட்டர் வேகமாக ஓடுகிறது, கம்பி தொங்குகிறது என்றெல்லாம் அவரிடம் முறையிட வருவீர்கள். "நான் கரண்ட் எடுத்தவன் இல்லை. எடுக்கிற ஆக்களைக் கேள்வி கேட்டுக் கரைச்சல் குடுத்தவன்," என்பார். அது முழு உண்மை. குளிர்நாடு ஒன்றில், அணுமின் நிலையங்களுக்கு உரிமம் வழங்கும் அலுவலகத்தில் அவரும் நானும் வேலை செய்தோம். நிலையத்தார் எதையாவது மாற்ற விரும்பினால், உரிமத்தை மாற்றித் தரும்படி எங்களிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்ய விடலாமா கூடாதா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

எங்கள் பிரிவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இருவர் தனித்தனியாக வாசிக்க வேண்டும். இருவரும் முடிவெடுத்து முடிக்கும்வரை அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசக்கூடாது. ஒருவரின் முகத்தைப் பார்த்து மற்றவர் மனம் மாறிவிடக்கூடாது அல்லவா? இரண்டு முடிவும் ஒத்துவராவிட்டால், எது கூடிய கவனமுள்ளதோ, அதாவது ஆபத்துக்கு இடம் குறைந்ததோ, அதுவே நிற்கும். பெரும்பாலும் எங்கள் இருவரையும்தான் சேர்த்துப் போடுவார்கள். மத்தியானம் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவோம். "கிண்ணியா ஆக்களுக்கு மீன் பிடிக்கத் தெரியும், ஆக்கத்தான் தெரியாது," என்று என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் கைவிட்டபடி சொல்வார். பக்கத்து மேசைக்காரர்கள் நாங்கள் ஏதோ பெரிய அணு விஷயம் கதைப்பதாக நினைத்திருப்பார்கள்.

ஒருமுறை கடலோர நிலையம் ஒன்றிலிருந்து விண்ணப்பம் வந்தது. அவர்கள் கடல்நீரை இழுத்துத்தான் இயந்திரங்களைக் குளிரவைத்தார்கள். அந்த நீர் ஒரு அளவுக்கு மேல் சூடானால் நிலையத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது உரிமத்திலுள்ள நிபந்தனை. வர வரக் கடல் சூடேறியது. ஆகவே, அந்தந்த நேரத்துச் சூட்டைப் பார்க்காமல், பகலையும் இரவையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் போதும் என்று மாற்றித் தரும்படி கேட்டார்கள். கணக்குகளைப் பார்த்தேன். சில நிபந்தனைகளோடு விடலாம் என்பது என் முடிவு. குலத்தின் முடிவு, கூடாது. "பகல் சூட்டை ஆத்திறதுக்கு ராத்திரித் தண்ணி வந்து நிக்குமோ நானா? சூடு இப்ப எண்டால் குளிரும் இப்ப வேணும்," என்றார்.

நிலையத்தின் மேலாளர் நேரில் வந்தார். வெயில் காலத்தில் நிறுத்தினால் அந்த ஊரே வேலையின்றி நிற்கும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவர் போன பிறகு குலம் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "அந்தாள் பொய் சொல்லேல்லை. பொய் எண்டால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்," என்றார். ஆனாலும் அசையவில்லை. அவருடைய முடிவே நின்றது. பிறகு அவர்கள் குளிர்விக்கும் கருவிகளைப் பெரிதாக்கிக்கொண்டு புதிதாக விண்ணப்பித்தபோது, முதலில் சம்மதித்தவரும் அவர்தான். அங்கே ஒரு விபத்தும் நேரவில்லை. "நாங்கள் ஒழுங்காப் பார்த்தால் ஒண்டும் நடவாது. நடவாததுக்கு ஆர் வந்து நன்றி சொல்லுவினம்?" என்று சிரிப்பார். என் முடிவின்படி விட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திராது என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதை அவரிடம் பல தடவை சொல்லிச் சண்டையும் பிடித்திருக்கிறேன்.

ஓய்வு பெற்று இருவரும் ஊர் திரும்பினோம். போன வருடம் அவருக்குப் புற்றுநோய் கண்டது. மருந்தை மாற்றி, கடும் மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார் வைத்தியர். கொஞ்சக் காலம் கூடக் கிடைக்கலாம், உடம்பு தாங்காமலும் போகலாம். குலம் பரிசோதனை அறிக்கைகளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். "இதுவும் மாத்தத்தான் கேக்கினம், நானா. நீங்கள் தனிய வாசியுங்கோ. நான் முடிவெடுத்திட்டன். என்னெண்டு கேக்கக்கூடாது."

அந்தக் கிழமை முழுவதும் பின்னேரங்களில் துறைமுகக் கரையில் சந்தித்தோம். கப்பல்களைப் பார்த்தோம். நகரத் தெருக்களில் திரியும் மான்கள் குப்பையைக் கிளறுவதற்கு நகரசபையைத் திட்டினோம். மீனைப் பற்றிக் கதைத்தோம். அந்த விஷயத்தை மட்டும் இருவரும் தொடவில்லை.

வாசித்து முடித்ததும் சொன்னேன். மருந்தை ஏற்றலாம் என்பது என் முடிவு. வேண்டாம் என்பது அவருடையது. "அப்ப இதில கவனமான முடிவு எது?" என்று கேட்டார். "உசிரோட இருக்கிற பக்கம்தான், வேறென்ன?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அண்டைக்கு என்ர முடிவு நிண்டது. இந்தமுறை உங்கட நிக்கட்டும்," என்றார். வீட்டில் ரஞ்சினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நன்றி சொல்லி.

மருந்து அவரைப் படுக்கையில் போட்டது. சாப்பாட்டில் ருசி போனது. கடைசியாகப் பார்க்கப் போனபோது, "நான் வாசிச்சது பிழையோ, குலம்?" என்று கேட்டேன். "நீங்கள் ஒழுங்காத்தான் வாசிச்சனீங்கள். நானும் ஒழுங்காத்தான் வாசிச்சனான். சில நேரம் ஒத்துவராது," என்றார். பிறகு, இன்றைக்கு என்ன மீன் ஆக்கினீர்கள் என்று கேட்டார். பாரைக்குழம்பு என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "புளி கூடியிருக்கும்," என்றார்.

அவர் சொன்னபடி விட்டிருந்தால் இன்னும் இருந்திருப்பாரா, இன்னும் வேளைக்கே போயிருப்பாரா, எனக்குத் தெரியாது. தெரிந்து வந்து சொல்ல ஒருவருமில்லை. சல்லியில் அவரைச் சுடலைக்குக் கொண்டுபோனபோது எல்லோரும் அழுதார்கள். நான் ஓரமாக நின்றேன். கல்நெஞ்சுக்காரன் என்று யாராவது நினைத்திருந்தால் குறை சொல்லமாட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பழைய கட்டுப்பாட்டை மட்டும்தான். இருவரும் முடிக்கும்வரை பேசக்கூடாது. குலம் முடித்துவிட்டார். நான் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.