நான் இடித்த கட்டடம்

விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. செங்கல்பட்டு கடைத்தெருவில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய மாடிக் கட்டடத்தில், சுவர் விரிசலுக்குக் குறுக்கே கொத்தனார் அதைச் சிமெண்டு வைத்து ஒட்டியிருந்தார். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடையாத வரை பயமில்லை. மூன்று மழைக்காலம் உடையவில்லை.

மாடியின் முன்பாதி, போட்டோ ஸ்டுடியோ நடத்திய அக்காவுடையது. தெருவுக்கே அவர் ஸ்டுடியோ அக்கா. ஆளுயர வளைவு ஜன்னல், சுண்ணாம்புச் சுவர், தலைக்கு மேலே தேக்கு உத்தரம். அந்த ஜன்னல் வெளிச்சத்தில் அவர் படமெடுத்தால் என் கருவாட்டு மூஞ்சிகூடக் கல்யாண மாப்பிள்ளையாகிவிடும். "இந்த வெளிச்சம் வேற எங்க கீது, சொல்லு?" என்பார். பின்பாதியில் நான், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஊரைப் பயமுறுத்திப் பிழைத்தவன், மிச்ச நேரம் தமாஷ் பேசிச் சிரிக்கவைத்தவன்.

ஒரு நாள் முற்பகல் பார்க்கிறேன், கண்ணாடி இரண்டாக உடைந்திருக்கிறது. எப்படி இறங்கினேன் என்று தெரியாது, தெருவில் நிற்கிறேன். "வூடு வுழுது! ஓடுங்க!" கீழே செருப்புக்கடையில் இருந்தவர்கள் ஒற்றைச் செருப்போடு ஓடினார்கள். உயிரைப்போல் நெஞ்சோடு எதையோ அணைத்துக்கொண்டு வந்திருந்தேன். பார்த்தால் மேசை துடைக்கும் துணி.

போட்டோவுக்கு வந்த குழந்தையையும் அதன் தாயையும் கைப்பிடித்து இறக்கி வந்த அக்கா, "இன்னாய்யா, எது வுழுந்துச்சு?" என்றார். தூசிகூட விழவில்லை.

நகராட்சி அதிகாரிகள் வந்தார்கள். கூட்டம் என் வாயையே பார்த்தது. எனக்கு அது போதுமே! "சுவரே ஆடுச்சு சார், என் கண்ணால பாத்தேன்" என்று எழுதியும் கொடுத்தேன். கட்டடத்தைப் பூட்டினார்கள்.

மூன்றாம் நாள், சாமான் எடுக்க விட்டபோதுதான் கவனித்தேன். கண்ணாடிக்கு ஒரு சாண் மேலே புது ஆணி. காலண்டர் மாட்ட அன்று காலையில் நானே அடித்தது. சுவர் நகரவில்லை, என் சுத்தியல்தான் கண்ணாடியை உடைத்திருந்தது.

அக்காவிடம் சொன்னேன். கையோடு என்னை இழுத்துக்கொண்டு கட்டட உரிமையாளர் வீட்டுக்குப் போனார். உரிமையாளரோ அதற்குள் அந்த இடத்தில் காம்ப்ளெக்ஸ் கட்ட ஆள் பேசிவிட்டிருந்தார். "அண்ணாத்த, அன்னிக்கு ஆடுச்சுன்ன. இன்னிக்கு ஆடலன்ற. உன் தமாசுல எத நம்புறது?" என்றார். அதிகாரியும் நான் எழுதிக்கொடுத்த தாளையே எடுத்துக் காட்டினார். வாழ்நாளில் ஒரே ஒருமுறை நிஜத்தைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

இடிக்கிற அன்று அக்காவும் நானும் எதிர்ப்புறம் நின்றோம். இரண்டு முழக் கனமுள்ள சுவர். இயந்திரத்தின் பற்கள் கீறின, வழுக்கின, சுவர் அசையவில்லை. உத்தரத்தில் ஒரு பூச்சி அரிப்புகூட இல்லை. மதியத்தில் ஓட்டுநர் இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். "இன்னாக்கா இது, கல்லுக் கோட்ட மாரி கீது! இது வுழுந்துடும்னு எவன் சொன்னான்?"

நான் மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகளை எண்ணத் தொடங்கினேன்.

"தெரிலப்பா" என்றார் அக்கா, என் பக்கம் திரும்பாமலே.

இப்போது அவர் பஸ் ஸ்டாண்டு அருகே, ஜன்னலே இல்லாத ஒரு கடையில் குழல்விளக்கின் கீழ் படமெடுக்கிறார். அன்று நாலு பேர் எதிரில் அவர் என்னைத் திட்டியிருந்தால், அதையும் ஒரு தமாஷாக்கி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன்.