ஒருசந்தியும் இரும்பும்

செபாஸ்டின் விழுந்தது பெரிதில்லை. விழுந்தவர் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாரே, அதுதான் பெரிது. கடலூர் முதுநகரில் தனியாக இருந்த மனுஷன், காலையில் டீ போடப் போய் அடுப்படியில் சறுக்கினார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் கையை ஊன்றிப் பார்த்தார், சுவரைப் பிடித்துப் பார்த்தார், உடம்பு தரையை விட்டு வரவில்லை. மீன் கூடையோடு வந்த மங்கலம் வாசலில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஏதோ சரியில்லை என்று உள்ளே நுழைந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

மகள் ரீட்டாவுக்கு அண்ணாமலை நகரில் யுனிவர்சிட்டி ஆபீஸில் வேலை. அவள் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் சென்னையில் இருக்கும் தம்பி லூயிஸ் போனிலேயே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டான். மறுநாள் காரில் வந்து வீட்டைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தாம்பரம் பக்கம் நல்ல முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறானாம், டாக்டர் அங்கேயே இருப்பாராம். இவருக்குத் தொடையில் சதையே இல்லை, இன்று விழுந்தவர் நாளைக்கும் விழுவார் என்று, விழுந்த அன்று பார்த்த டாக்டர் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

அது செபாஸ்டின் செம்மங்குப்பம் கம்பெனியில் ஆயுசுக்கும் ஷிப்ட் பார்த்துக் கட்டிய வீடு. மனைவி சகாயசெல்வி கண்ணை மூடியதும் அந்த வீட்டில்தான். அவர் கதவில் தொங்கிய பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ரீட்டாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஈஸ்டர் வரைக்கும் எங்கிட்ட வுடுடா. சதை இல்லன்னா சதைய வர வைக்கிறேன்."

"எழுவது தாண்டுன ஆளுக்கா? சரிக்கா. ஈஸ்டருக்கு முன்னால பெரிய வாரத்துல வருவேன். யாரு கையும் புடிக்காம தரையிலேருந்து எழுந்து காட்டட்டும். இல்லன்னா நீ குறுக்க பேசக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டாள். அப்பாவின் வீடு இனி அவள் வாக்கில் நிற்கிறது.

அப்பாவை அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிவந்தாள். சிதம்பரம் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே அந்த ஜிம். காலேஜ் நாளில் குண்டு எறிந்து மெடல் வாங்கிய சந்திரலேகா நடத்துவது. முதல் நாள் மாடிப்படி ஏறவே செபாஸ்டினுக்கு மூச்சு வாங்கியது. உள்ளே போனால், பொம்பளைப் பிள்ளையிடம் கசரத்து கற்பதா என்று திரும்பி நின்றார். வேட்டியோடு விடமாட்டேன் என்றாள் சந்திரலேகா. டிராக் பேன்ட் போட்டுத் தெருவில் வரமாட்டேன் என்றார் இவர். கடைசியில் மருமகனின் டிராக் பேன்ட்டைப் போட்டு, அதன் மேல் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து, மாடி ஏறியதும் வேட்டியை அவிழ்த்து மடித்து வைப்பது என்று ஏற்பாடானது. யாருக்கும் தோல்வி இல்லை.

நாற்காலியில் உட்கார வேண்டும், கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். அது வந்ததும் நாற்காலி போய் முக்காலி வந்தது. முக்காலியும் பழகியதும் கைக்கு ஒன்றாக இரும்புக் குண்டைக் கொடுத்து, அந்தச் சுவர் வரை நடந்து வரச் சொன்னாள். காலையில் முட்டை, மத்தியானம் பருப்பு, சாயந்தரம் சுண்டல் தவறாமல் சாப்பிட வேண்டும், சாப்பிடாமல் இரும்பைத் தொட்டால் இருக்கிற சதையும் கரையும் என்று ரீட்டாவிடம் சொல்லியிருந்தாள். ஒரு நாள் குவார்ட்டர்ஸ் வாசலில் கீழே விழுந்த செருப்பை அப்பா குனிந்து எடுத்ததைப் பார்த்து ரீட்டா சமையலறைக்குப் போய்த் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலிலிருந்து திரும்பும்போதே ரீட்டா அப்பாவிடம் கறாராகச் சொன்னாள். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுத் தவக்காலம் முழுக்க இருக்கிற அந்த ஒருசந்தி இந்த வருஷம் கூடாது. அப்பா தலையாட்டினார்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் பின்னோக்கிப் போனது. முக்காலியிலிருந்து எழுந்தவர் மறுபடி நாற்காலிக்கு வந்தார். குண்டின் எடையைக் குறைத்தாள் சந்திரலேகா, அதுவும் கனத்தது. வயசு ஜாஸ்தி, அவ்வளவுதான் போலிருக்கு என்று ரீட்டாவின் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். லூயிஸ் போன் போட்டால் ரீட்டா வீட்டுக்காரரை எடுக்கச் சொன்னாள். இல்லத்தில் அறை ஒதுக்கிவிட்டார்களாம்.

ஒரு நாள் காலை, கையில் இரும்போடு சுவரைத் தொட்டுத் திரும்பியவரின் முகம் வெளுத்தது. ரீட்டா எழுந்து ஓடுவதற்குள் முழங்கால் மடிந்தது. சந்திரலேகா பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். குண்டு நழுவி அவர் பாதத்துக்குப் பக்கத்தில் விழுந்த சத்தத்தில் கீழே செருப்புக் கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார்.

பாயில் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தார்கள். சந்திரலேகா குனிந்து கேட்டாள்: "காலையில இன்னா சாப்ட்டீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"ஐயா, உங்களத்தான்."

"ஒருசந்தி," என்றார்.

ரீட்டா நினைத்துப் பார்த்தாள். தினமும் தட்டைத் தாழ்வாரத்துக்கு எடுத்துப் போய்ச் சாப்பிட்டவர், கழுவிய தட்டோடு வந்தவர். குவார்ட்டர்ஸ் வாட்ச்மேன் பக்கிரி கொஞ்ச நாளாகத் தன்னைப் பார்த்தால் அவ்வளவு பெரிய கும்பிடு ஏன் போடுகிறார் என்பது இப்போதுதான் புரிந்தது. அவித்த முட்டையெல்லாம் அங்கே போயிருக்கிறது.

"எனக்குத் தலையாட்டிட்டு என்னையே ஏமாத்துனீங்களாப்பா? லூயிஸ் சொன்னதே சரி. போயி அங்கயே இருங்க."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னாள். செபாஸ்டின் பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கம்பெனியில் இருந்த காலத்தில் ஷிப்டுக்குப் போகிறவர் பட்டினி கிடக்கக் கூடாது என்று இவரைச் சாப்பிட வைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து சகாயசெல்விதான் ஒருசந்தி இருப்பாள். அவள் போன பிறகு இவர் விட்டதில்லை. இந்த வருஷம் இந்த இரும்பையும் அதோடு சேர்த்து ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறார், காலைத் திருப்பிக் கொடு என்று.

"வெறும் இரும்பத் தூக்குனா மட்டும் கால் வந்துடுமா பாப்பா?"

சந்திரலேகா மடித்து வைத்த வேட்டியை எடுத்து அவர் மடியில் போட்டாள். வெறும் வயிற்றோடு வந்தால் இந்தப் படியை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரீட்டா பங்குச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனாள். இந்த வயசுக்கு ஒருசந்தி கடமையே இல்லை, சாப்பிடுங்கள் என்றார் அவர். வெளியே வந்ததும், சாமியாருக்கே முப்பது வயசுதான், அவருக்கு என் வயசைப் பற்றி என்ன தெரியும் என்றார் செபாஸ்டின். அப்பா பிடிவாதம் மகளுக்கும் உண்டு. ஒரு வேளைதான் சாப்பாடு என்ற அவர் கணக்கில் அவள் கை வைக்கவில்லை. மத்தியானம் வயிறு நிறைய அந்தச் சாப்பாடு, சாயந்தரம் ஜிம். காலையில் கஞ்சி. வெள்ளிக்கிழமை கோயிலிலேயே கஞ்சி ஊற்றுகிறார்கள், அதனால் கஞ்சி சாப்பாட்டில் சேராது என்று அவரே ஒத்துக்கொண்டார். அந்தக் காலைக் கஞ்சியில் பாசிப்பயறை வேக வைத்துக் கரையக் கரைய மசித்து ஊற்றினாள், வேர்க்கடலையை அரைத்து ஊற்றினாள். கஞ்சி நாளுக்கு நாள் கெட்டியானது. அவர் ஒன்றும் கேட்காமல் குடித்தார்.

சந்திரலேகா மறுபடி படியேற விட்டாள். ஆனால் போன நாள் போனதுதானே. முக்காலி வந்தது, பிறகு அதைவிடத் தாழ்வான பலகை வந்தது. பலகையை எடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தபோது, ஒரு நாள் எழுந்தார், ஒரு நாள் ரீட்டாவின் கையைத் தேடினார். அப்படியே பெரிய வாரமும் வந்துவிட்டது.

பெரிய வெள்ளி மத்தியானம் மூவரும் கடலூர் கோயிலில் இருந்தார்கள். ஈஸ்டருக்குப் பிறகு நேராக இல்லத்துக்குப் போக அப்பாவின் பெட்டியை லூயிஸ் காரில் ஏற்றியே வைத்திருந்தான். பீடத்துப் படியில் தலையணை மேல் சிலுவையைக் கிடத்தியிருந்தார்கள். சனம் வரிசையாகப் போய் முழந்தாளிட்டு, உதடு பதித்து முத்தி செய்தது. முடியாதவர்களுக்கென்று ஓரத்தில் ஒருவர் சின்னச் சிலுவையை ஏந்தி நின்றார். அங்கே போங்கள் என்று லூயிஸ் கண்ணைக் காட்டினான். செபாஸ்டின் பெரிய வரிசையில் நின்றார்.

முழந்தாளிட்டார். குனிந்து ஆண்டவரின் பாதத்தில் முத்தி செய்தார். நிமிர்ந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், வரவில்லை. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கை தரையில் ஊன்றியது. பின்னால் வரிசை நின்றது. லூயிஸ் தாவினான். ரீட்டா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அடுப்படித் தரையில் அவர் கிடந்ததாக மங்கலம் சொன்ன கிடை அவள் கண்முன் வந்து நின்றது. இருந்தும் பிடியை விடவில்லை.

செபாஸ்டின் கையைத் தரையிலிருந்து எடுத்தார். வலது பாதத்தை மெல்ல முன்னால் கொண்டுவந்து பதித்தார். சந்திரலேகா சொல்வது போல மூச்சை இழுத்து நிறுத்தி, அந்தக் காலை அழுத்தினார். கால் நடுங்கியது. வேட்டி நடுங்கியது. பாட்டுக்காரர்கள் அடுத்த அடிக்குப் போனார்கள். அவர் நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்காரவில்லை. வழிபாடு முடிகிறவரை நின்றபடியே இருந்தார்.

வெளியே வந்ததும் செபாஸ்டின் மகன் முன்னால் கையை நீட்டினார்.

"சாவி."

லூயிஸ் அக்காவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அவன் பையிலிருந்து சாவியை எடுத்தான். "ஜிம்ம வுடக் கூடாதுப்பா," என்றான்.

"அந்தப் பொண்ணு வுட்டாதான," என்று சாவியை வாங்கிக்கொண்டார் செபாஸ்டின். நாலு எட்டு நடந்தவர் நின்று ரீட்டாவைத் திரும்பிப் பார்த்தார்.

"வூட்டுக்குப் போயி கஞ்சி வையி பாப்பா. பயறு போட்டே வையி. எனக்குத் தெரியாம மசிக்கிறேன்னு கைய நோவ வச்சிக்காத."